தையலற்ற ஓரம்

பழைய ஃபெல்ட் தொப்பி ஒன்று வீட்டில் முறையாகத் துப்புரவு செய்யப்பட்டதா, அல்லது துப்புரவு என்ற பெயரில் பாழாக்கப்பட்டதா என்று அறிய அதன் உச்சியில் விழுந்திருக்கும் மடிப்பைப் பார்க்க வேண்டியதில்லை. உள்ளே மினுங்கும் லைனிங் துணியையோ, பொன்னெழுத்து பதித்த தோற்பட்டையையோ புரட்டிப் பார்க்க வேண்டியதும் இல்லை. பிரிம் எனப்படும் மடல், தலையைச் சுற்றி நீண்டு சென்று முடிகிற அந்தக் கடைசி அரை அங்குலத்தை உற்றுப் பார்த்தால் போதும். தொப்பியை அணிபவரின் விரல் நாள்தோறும் படுவது அங்கேதான். புதுப்பிக்க வந்தவரின் உப்புத்தாளும் இஸ்திரிப் பெட்டியும் முதலில் சேதப்படுத்துவதும் அங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கத் தொப்பித் தொழிலாளர்கள் தம் கைத்திறனின் உச்சத்தைக் காட்டியதும் அதே இடத்தில்தான். அந்த உச்சத்துக்குக் கவனா ஓரம் என்று பெயர். ஃபெடோரா ரசிகர்களில் பலர் இதை ஒரு நுணுக்கமான துணைச்செய்தியாகக் கருதிக் கடந்து போவதுண்டு. ஆனால் பழைய தொப்பியை எப்படித் தொட வேண்டும், எங்கே கையை நிறுத்த வேண்டும் என்பதற்கான முழு இலக்கணமும் அந்த ஓரத்திலேயே அடங்கியிருக்கிறது.

கனெக்டிகட் மாநிலத்தின் சவுத் நார்வாக்கில் இயங்கிய கிராஃபுட் அண்ட் நாப் நிறுவனத்தை வழிநடத்திய ஜான் கவனாவின் பெயரைத் தாங்கும் இந்த ஓரத்தில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை, பசையும் இல்லை. மற்ற தொப்பிகளில் மடலின் ஓரம் நான்கில் ஒரு வகையாக முடிக்கப்படும்: வெட்டியபடியே விடப்பட்ட வெற்றோரம், ரிப்பன் வைத்துக் கட்டிய ஓரம், மேல்நோக்கி மடித்துத் தைத்த ஓரம், கீழ்நோக்கி மடித்துத் தைத்த ஓரம். மடித்துத் தைத்த கடைசி இரண்டையும் தொழிலில் வெல்ட் என்பார்கள். கவனா ஓரத்திலோ, ஃபெல்ட் இன்னும் ஈரமாகவும் சூடாகவும் இறுகிக்கொண்டிருக்கும்போதே அதன் ஓரம் மடிக்கப்பட்டு, மடிந்த பகுதியின் மயிர்களும் அடிப்பகுதியின் மயிர்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்வரை கையால் தேய்த்து இறுக்கப்படும். வேலை முடிந்தபின் அங்கே இரண்டு அடுக்குகள் இருப்பதில்லை. சற்றுத் தடித்த ஒரே ஃபெல்ட்தான் இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் தொப்பியைத் திருப்பினால், ஓரத்திலிருந்து ஏறத்தாழ கால் அங்குலம் உள்ளே மெல்லிய வரப்பு ஒன்று வட்டமாக ஓடுவதும், அதை ஒட்டி நிழல் மட்டும் தங்குகிற அளவுக்கு ஆழமான பள்ளம் ஒன்று கூடவே ஓடுவதும் தெரியும். நகத்தால் வருடிப் பார்த்தாலும் தையல் தட்டுப்படாது.

இதன் விலை ஏன் ஏறியது என்பதை விளங்கிக்கொள்ள ஒரு தொழிலுண்மை தேவைப்படுகிறது. சாதாரணத் தொப்பியில் மடலை அகலமாக உருவாக்கிவிட்டு, கடைசியில் எந்த அகலம் வேண்டுமோ அந்த அகலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். ஒரே ஃபெல்ட் கூம்பிலிருந்து இரண்டேகால் அங்குல மடலும் வரும், இரண்டே முக்கால் அங்குல மடலும் வரும். கவனா ஓரம் கொண்ட தொப்பியில் அந்த வசதி கிடையாது. ஓரம் இறுகிவிட்ட பிறகு வெட்டினால் ஓரமே போய்விடும் என்பதால், தலையின் அளவு, மடலின் அகலம், சுருங்கும் வீதம் ஆகிய மூன்றையும் ஃபெல்ட் திரளத் தொடங்கும்போதே கணித்துவிட வேண்டும். கணக்குத் தவறினால் அதைப் பின்னர் சரிசெய்யும் கட்டம் என்று ஒன்று இல்லை. இப்படிப்பட்ட வேலையைச் செய்யும் கைகள் எந்தக் காலத்திலும் மலிவாகக் கிடைப்பதில்லை.

கிராஃபுட் அண்ட் நாப்பின் டாப்ஸ் பெயரிலும், நியூயார்க்கின் பார்க் அவென்யூ முகவரியோடு கவனாவின் சொந்தப் பெயரிலும் விற்கப்பட்ட தொப்பிகளில் இந்த ஓரம் வந்தது. 1932-இல் கவனா-டாப்ஸ் குழுமமும் நாக்ஸ், டன்லப் ஆகிய பெயர்களும் ஹாட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தபின் நாக்ஸ் தொப்பிகளிலும் அது இடம்பெற்றது. ஃபிலடெல்ஃபியாவின் ஸ்டெட்சன் நிறுவனம் இதற்குப் போட்டியாக மோட் எட்ஜ் என்ற பெயரில் தன் சொந்த வடிவத்தைக் கொண்டுவந்தது. மோட் எட்ஜ் அழகில் குறைந்ததல்ல என்று வாதிடும் ஸ்டெட்சன் அன்பர்கள் உண்டு. அவர்களுடைய வாதத்தில் நியாயமும் உண்டு. ஆயினும், நல்ல நிலையில் தப்பிப் பிழைத்த ஒரு கவனாவையும் ஒரு மோட் எட்ஜையும் அருகருகே வைத்துச் சாளர வெளிச்சத்தில் சுழற்றிப் பார்ப்பவருக்கு, முன்னதன் வரப்பு ஃபெல்ட்டிலிருந்து தானே எழுந்து தானே அடங்குவதாகவும், பின்னதன் வரப்பு வைத்து அழுத்தியதாகவும் தோன்றுவது அரிதல்ல.

ஃபெல்ட் என்பது நெய்யப்பட்ட துணியல்ல. முயல், காட்டுமுயல், பீவர் முதலிய விலங்குகளின் அடிமயிரில் உள்ள நுண்செதில்கள் வெந்நீரிலும் அழுத்தத்திலும் அசைவிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் உருவாகும் திரள். தளர்ந்த பெரிய கூம்பாகத் தொடங்கும் அது, திரும்பத் திரும்பச் சுருட்டப்பட்டும் நனைக்கப்பட்டும் தொப்பியின் அளவுக்கு ஒடுங்குகிறது. எவ்வளவு பொறுமையாக ஒடுக்கப்படுகிறதோ, அவ்வளவுக்கு ஃபெல்ட் மெல்லியதாகவும் செறிவாகவும் வரும். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய நல்ல தொப்பிகளைக் கையில் எடுத்தவர்கள் முதலில் வியப்பது இந்த இரண்டு குணங்களும் ஒருசேர இருப்பதைத்தான்: மடித்த இடத்தில் ஆவியின் உதவியில்லாமலே மடிப்பு நிற்கும், விரித்தால் சுவடில்லாமல் மறையும்.

இந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு கொடிய வரலாறும் உண்டு. மயிர் எளிதில் திரள வேண்டும் என்பதற்காக அதைப் பாதரச நைட்ரேட் கரைசலில் பதப்படுத்துவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. தொப்பி நகரம் என்று புகழ்பெற்ற டான்பரியின் தொழிலாளர்கள் கை நடுக்கமும் நரம்புச் சிதைவும் கண்டு அவதியுற்றது பாதரச ஆவியால்தான். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் தலையீட்டால் 1941 டிசம்பர் 1 முதல் அந்நாட்டுத் தொப்பித் தொழிலில் பாதரசம் முடிவுக்கு வந்தது. பாதரசம் போனதால்தான் ஃபெல்ட்டின் தரம் போயிற்று என்று சில சேகரிப்பாளர்கள் ஏக்கத்தோடு கூறுவதை ஏற்பதற்கில்லை. 1941-க்குப் பின்னரும், நாற்பதுகளின் இறுதியிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும், மிகச் சிறந்த தொப்பிகள் பாதரசமின்றியே உருவாகின. தரம் இறங்கியது, மயிரைத் திரட்டுவதற்குச் செலவிட்ட நேரம் குறுகியதால். அதைக் குறுக்கியது கணக்குப் புத்தகம். பழைய தொப்பிகளில் பாதரசத்தின் எச்சம் இன்றும் காணப்படுவதால், அவற்றைத் தேய்ப்பவரும் ஆவி காட்டுபவரும் காற்றோட்டமான இடத்தில், முகமூடியும் கையுறையும் அணிந்தே வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வரலாறு வீட்டு மேசைக்கு விட்டுச்செல்லும் பாடம்.

துப்புரவு என்பது வாசிப்பிலிருந்து தொடங்குகிறது. வியர்வைப் பட்டை எனப்படும் உட்புறத் தோற்பட்டையை மெல்லக் கீழ்நோக்கிப் புரட்டினால், அதன் பின்னால் அளவுச் சீட்டும் தொழிற்சங்கச் சீட்டும் ஒளிந்திருக்கும். யுனைடெட் ஹாட்டர்ஸ், கேப் அண்ட் மில்லினரி வொர்க்கர்ஸ் என்ற பெயர் சங்கச் சீட்டில் இருந்தால் அந்தத் தொப்பி 1934-க்கு முந்தையதாக இருக்க முடியாது, ஏனெனில் அந்த இணைப்புச் சங்கம் உருவானதே அந்த ஆண்டில்தான். அளவுச் சீட்டில் ஏழேகால் என்றிருந்தால் 58 செ.மீ. என்று பொருள், இப்போது நாடாவை வைத்து அளந்து 57 என்று வந்தால், தோலோ ஃபெல்ட்டோ சுருங்கியிருக்கிறது என்பது உறுதியாகிறது. எது சுருங்கியது என்று தெரியாமல் ஆவியை எடுப்பவர் தொப்பியோடு சூதாடுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

அந்துப்பூச்சியின் ஆபத்தும் இந்தக் கட்டத்திலேயே கவனிக்கப்பட வேண்டியது. ஃபெல்ட் முழுக்க முழுக்கக் கெரட்டின் என்பதால் அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு அதைவிடச் சிறந்த உணவு இல்லை. அவை வெட்டவெளியில் மேய்வதைவிட ரிப்பனுக்கு அடியிலும் உள்பட்டைக்குப் பின்னாலும் மறைந்து மேய்வதையே விரும்பும். பாச்சை உருண்டையைப் பெட்டியில் போட்டு வைத்தால் போதும் என்ற பழைய நம்பிக்கையைக் காட்டிலும், அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் உறையவைக்கும் முறையே நம்பத்தக்கது: தொப்பியைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் இட்டு மூடி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காமல் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த ஃபெல்ட்டின்மேல் நீர் பனித்து, அதுவரை இல்லாத கறையொன்று புதிதாக உருவாகும்.

அடுத்தது தூசி. குதிரைமயிர் தூரிகையால் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராக வருடுவதே மரபு. ஆண்களுக்கான தொப்பிகளின் மேல்மயிர் பெரும்பாலும் அந்தத் திசையிலேயே படியவைக்கப்பட்டிருக்கும். வெளிர்நிறத் தொப்பிக்கும் கருநிறத் தொப்பிக்கும் தனித்தனித் தூரிகை வேண்டும் என்பதை மிகையான ஆசாரம் என்று எள்ளுபவர்கள், கறுப்புத் தொப்பியைத் துடைத்த தூரிகையை ஒருமுறை வெள்ளி நிறத் தொப்பியின்மீது ஓட்டிப் பார்த்தால் கருத்தை மாற்றிக்கொள்வார்கள். தூரிகைக்குப் பிறகும் நிற்கும் புகையழுக்கை எடுப்பதற்கு, ஈரமில்லாமல் பயன்படுத்தும் வல்கனைஸ் செய்த ரப்பர் பஞ்சு உதவும். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தால் அது அழுக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும்.

எண்ணெய்க் கறைக்கு உறிஞ்சுபொடி முறை உண்டு. சோளமாவையோ முல்தானி மிட்டியையோ கறையின்மேல் தூவி, ஓர் இரவு விட்டு, மறுநாள் தூரிகையால் தட்டி எடுப்பது பாட்டிமார் காலத்துப் பக்குவமாகத் தோன்றலாம்; புதிய கறைக்கு அது போதுமானதும்கூட. பல பத்தாண்டுகளாக ஊறிப்போன கறைக்கு அது போதாது. அங்கேதான் வீட்டுப் புதுப்பிப்பாளர்களிடையே பெரும் கருத்துப்போரைக் கிளப்பும் நாஃப்தாக் குளியல் வருகிறது. லைட்டர்களிலும் முகாம் அடுப்புகளிலும் எரியும் வெள்ளைப் பெட்ரோல் வகையைச் சேர்ந்த நாஃப்தாவில் தொப்பியை முழுமையாக அமிழ்த்தினால், அது கொழுப்பைக் கரைத்துவிடும். நீர் சிறிதும் இல்லாததால் ஃபெல்ட் சுருங்காது, உச்சியின் மடிப்பும் குலையாது. வெளிறிய மஞ்சளாக வெளியேறும் அந்தத் திரவத்தைக் கண்டவர்கள் அதற்கு அடிமையாகிவிடுவது இயல்பே.

ஆயினும் அந்த முறை மூன்று எச்சரிக்கைகளோடு மட்டுமே கைக்கொள்ளத் தக்கது. நாஃப்தாவின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தொலைவில் உள்ள ஒரு பொறியிலும் பற்றிக்கொள்ளும் என்பதால், திறந்தவெளியைத் தவிர வேறெங்கும் அதற்கு இடமில்லை. தோற்பட்டையில் எஞ்சியிருக்கும் இயற்கை எண்ணெயையும் அது கொழுப்போடு சேர்த்தே கொண்டுபோய்விடும். தோல் பிறகு காய்ந்து வெடிக்கும். மூன்றாவதாக, அது வியர்வையின் எண்ணெயை எடுக்குமே தவிர, வியர்வையின் உப்பை எடுக்காது. குளியலுக்குப் பின்னரும் ரிப்பனுக்கு மேலே வெண்கோடு நிற்பதைக் கண்டு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அமிழ்த்துபவர்கள், கரையாத பொருளைத் தவறான கரைப்பானில் தேடுகிறார்கள். உப்புக்கு நீர்தான் மருந்து: காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் ஒற்றி, கறையின் எல்லையைத் தாண்டியும் ஈரத்தை மெல்ல மங்கவிட்டு, நிழலில் உலரவைக்க வேண்டும்.

நாஃப்தாவுக்கு அஞ்சி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை நாடுவது அதைவிடப் பெரிய பிழை. ஃபெல்ட்டுக்கு விறைப்புத் தருவதற்குத் தொன்றுதொட்டு இடப்படும் பொருள் அரக்கு. இந்தியக் காடுகளின் மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி சுரந்த பிசின்தான் செல்லாக் என்ற பெயரில் கடல் கடந்து ஃபிலடெல்ஃபியாவுக்கும் டான்பரிக்கும் போய், தொப்பிகளின் மடலுக்கு நிமிர்வு தந்தது. மரச்சாமான்களுக்கு மெருகேற்றும் எந்தத் தச்சருக்கும் தெரிந்ததுபோல, அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். கறை என்று எண்ணி ஸ்பிரிட்டால் துடைத்த இடத்தில் அரக்கு கரைந்து, நகர்ந்து, துடைத்த வட்டத்தின் எல்லையில் மீண்டும் உறைந்து, நடுவில் தொய்வும் சுற்றிலும் வெளிறிய வளையமுமாக நிற்கும். அரக்கு குறைவாக இடப்பட்ட மென்மையான ஃபெடோராவில் இந்தச் சேதம் சற்றுக் குறையலாம். விறைத்த ஹாம்பர்க், டெர்பி வகைகளில் அதற்கு மீட்சி இல்லை.

ரிப்பனைக் கழற்றலாமா என்பது இன்னொரு சர்ச்சை. ஆலைத் தையல் கலைந்துவிடும் என்று அஞ்சிக் கழற்றாமலே சுற்றித் துடைப்போர் ஒருபுறம். எடுத்த எடுப்பில் கத்தரியை நீட்டுவோர் மறுபுறம். ரிப்பனின் கீழே மட்டும்தான் தொப்பி தன் பிறந்த நிறத்தோடு இருக்கிறது என்பதால், பழுப்பு என்று எல்லோரும் நம்பிவந்த ஒரு தொப்பி உண்மையில் பாசிப்பச்சை என்று அந்த ஒன்றரை அங்குலப் பட்டி சாட்சி சொல்லக்கூடும். எவ்வளவு தூரம் துப்புரவு செய்வது நியாயம் என்பதற்கு அதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை. எனவே இடப்பக்க முடிச்சைப் பிடித்துள்ள நுண்தையல்களை ஒவ்வொன்றாக வெட்டி, எந்தத் துளையில் எந்த நூல் இருந்தது என்பதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு கழற்றுவதே முறை. வெயிலில் வெளுத்த ரிப்பனின் உட்புறம் பெரும்பாலும் நிறம் மாறாமல் இருக்கும். அதைப் புரட்டிக் கட்டினால் புதிய ரிப்பனே தேவைப்படாது. பருத்தியும் ரேயானும் கலந்த பழைய குறுக்கோட்ட ரிப்பன் ஆவியில் வளைந்து, கீழ்ப்பக்கம் அகன்றும் மேற்பக்கம் குறுகியும் இருக்கும் உச்சியின் சாய்வுக்கு ஏற்பப் படியும். இன்று துணிக்கடைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் ரிப்பன் அப்படி வளைய மறுத்து, மேல்விளிம்பில் வாய் பிளந்து நிற்கும்.

வீட்டுப் புதுப்பிப்பில் மிகுதியாகப் போற்றப்படுவதும் மிகுதியாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் ஆவிதான். கெரட்டின் இழைகளுக்கிடையே உள்ள பிணைப்புகளை ஈரமும் வெப்பமும் தளர்த்துகின்றன. ஆறும்போது இழைகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ, அந்த நிலையிலேயே பிணைப்புகள் மீண்டும் ஏற்படுகின்றன. ஃபெல்ட்டுக்கு இவ்வளவு நன்மை செய்யும் ஆவி, தோலுக்குப் பகைவன். தாவரச் சாற்றில் பதனிடப்பட்ட தோல், ஈரமான நிலையில் ஏறத்தாழ 70 முதல் 85 டிகிரிக்குள் மீளமுடியாதபடி சுருங்கிவிடும். எண்பது ஆண்டு வியர்வையால் நலிந்த தோலோ அதற்கும் மிகக் குறைந்த வெப்பத்திலேயே சரணடையும். கெட்டிலின் வாயில் தொப்பியைக் கவிழ்த்துப் பிடிப்பவர் அந்தப் பட்டையைக் கண்ணெதிரே அப்பளமாகச் சுருட்டி எடுப்பார். பட்டையை வெளியே புரட்டி உலர்ந்த துணியால் மூடி, ஆவியை ஃபெல்ட்டின் வெளிப்புறத்தில் மட்டும் ஓட்டமாகக் காட்டுவதே பாதுகாப்பு. பட்டையைக் கழற்ற நேர்ந்தால், ரீட் எனப்படும் மெல்லிய வளைநாடாவோடு அதைச் சேர்த்தே எடுத்து, மீண்டும் தைக்கும்போது பழைய துளைகளிலேயே ஊசியைச் செலுத்த வேண்டும். புதிய துளைகள் இட்டால் துளையோடு துளை சேர்ந்து தோல் கோடாகக் கிழியும்.

உப்புத்தாளால் மேற்பரப்பை மென்மையாகத் தேய்த்தெடுக்கும் பவுன்சிங் என்னும் செயல் ஆலையிலேயே நடைபெற்ற ஒன்று; ஆகவே வீட்டிலும் அதைச் செய்வதில் பிழையில்லை என்று வாதிடுவோர் உண்டு. வாதம் பாதி உண்மை. ஆலையில் ஃபெல்ட் புதிதாக, முழுத் தடிமனோடு இருந்தது. வீட்டு மேசைக்கு வருவது ஏற்கெனவே தேய்ந்த ஃபெல்ட். 400 அல்லது அதைவிட நுண்ணிய எண்ணுள்ள தாளால், மேல்மயிரின் போக்கிலேயே ஓரிரு வருடல் கொடுத்தால் மேற்பரப்பில் பூத்த மயிர்த்துகள் அடங்கும். கறை போகும்வரை தேய்ப்பது என்று இறங்கினால் கறை இருந்த இடத்தில் குழிதான் மிஞ்சும்.

மேலே சொன்ன ஒவ்வொரு முறையும் கவனா ஓரத்தை அடையும்போது வேறொரு பொருள் பெறுகிறது. அந்த வரப்பின் உயரம் சில மயிர்களின் கனம் மட்டுமே என்பதால், உச்சியில் தீங்கற்ற உப்புத்தாள் அங்கே சில நொடிகளில் ஓரத்தின் வடிவத்தையே துடைத்தழித்துவிடும். மடலைச் சமப்படுத்தும் ஆசையில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால், வரப்பும் பள்ளமும் ஒரே தளமாகிவிடும்; தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மடல் புதிதுபோல் தோன்றும், அறிந்தவருக்கோ அது சாதாரண வெற்றோரமாகவே தெரியும். மடலின் அலையைச் சரிசெய்ய வேண்டுமென்றால், ஃபிளாஞ்ச் எனப்படும் வட்ட மரச்சட்டத்தின்மீது மடலின் உட்பகுதியை மட்டும் ஆவி காட்டிப் படியவைத்து, ஓரத்தைச் சட்டத்துக்கு வெளியே சுதந்திரமாக விட்டுவிட வேண்டும். பள்ளத்தில் தங்கிய கரிய அழுக்குக்கு மென்மையான பல்துலக்கும் தூரிகையும் சில துளி நாஃப்தாவும் போதும். தூரிகையை வரப்பின் குறுக்கே ஓட்டாமல், வட்டத்தின் போக்கிலேயே, விரலின் எடையன்றி வேறு எடை தராமல் நகர்த்த வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை வெள்ளைத் துணியால் ஒற்றி, துணியில் அழுக்குக்குப் பதிலாகத் தொப்பியின் சாயம் தெரியத் தொடங்கிய கணத்தில் நிறுத்திவிட வேண்டும். முன்பக்கத்தில், வணக்கம் சொல்லும்போது விரல் பற்றும் இடத்தில், கறை முழுமையாகப் போவதில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று விடுவதுதான் இந்தக் கலையின் கடினமான பகுதி.

இத்தாலியத் தொப்பிகளின் அன்பர்கள் இவ்வளவு ஆரவாரம் ஓர் ஓரத்துக்கு எதற்கு என்று கேட்கக்கூடும். 1857-இல் அலெசாந்திரியாவில் ஜுசெப்பே போர்சலினோ தொடங்கிய ஆலையின் பழைய தொப்பிகளைத் தொட்டவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. காற்றில் மிதப்பதுபோன்ற அந்த ஃபெல்ட்டின் மென்மைக்கு அமெரிக்கத் தொப்பிகளில் ஈடு சொல்வது கடினம். ஆனால் மென்மை என்பது மூலப்பொருளின் பெருமையில் பாதியைப் பகிர்ந்துகொள்வது. ஓரமோ முழுக்க முழுக்கக் கையின் பெருமை. மேற்கத்திய பாணித் தொப்பிகளின் அன்பர்கள் உள்ளே அச்சிட்ட எக்ஸ் எழுத்துகளின் எண்ணிக்கையைக் காட்டித் தரம் பேசுவார்கள். அந்த எழுத்துகளுக்கு எல்லா ஆலைகளுக்கும் பொதுவான இலக்கணம் எப்போதும் இருந்ததில்லை. ஒரே ஆலைக்குள்ளேயே பத்தாண்டுக்குப் பத்தாண்டு அவற்றின் பொருள் இளகி, ஒருகாலத்தில் மூன்று எக்ஸ் சுமந்த தரத்தை இன்று எத்தனை எக்ஸ் சுமக்கிறது என்று யாரும் துணிந்து சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது. எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடலாம். ஊசியில்லாமல் ஓரத்தை முடிப்பதை அப்படிப் பெருக்க முடியாது.

தொப்பியின் வீழ்ச்சிக்கு ஜான் கென்னடியைக் குற்றஞ்சாட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் 1961 ஜனவரி 20 அன்று பதவியேற்புக்கு அவர் பட்டுத் தொப்பியோடுதான் வந்தார்; உரையாற்றும்போது அதைக் கழற்றியிருந்தார். காரின் தாழ்ந்த கூரையும், போருக்குப் பிந்தைய இளைஞர்களின் விருப்பமும் அதற்கு முன்பே தொப்பியைக் கழற்றத் தொடங்கிவிட்டன. விற்பனை சரியச் சரிய, அதிக நேரம் எடுக்கும் வேலைகளே முதலில் கைவிடப்பட்டன. கவனா ஓரத்தை இறுக்கத் தெரிந்த கைகள் ஓய்வுபெற்றபோது அவற்றின் இடத்துக்கு வேறு கைகள் வரவில்லை. 1971-இல் ஸ்டெட்சனின் ஃபிலடெல்ஃபியா ஆலையே மூடப்பட்டது. அந்த நுட்பத்தை மீட்டெடுக்க அண்மைக் காலத்தில் தனிப்பட்ட கைவினைஞர்கள் சிலர் முயல்வது பாராட்டுக்குரியது. எனினும், பழைய ஆலை நாள்தோறும் செய்த ஒன்றை அபூர்வச் சாதனையாகச் செய்வது வேறு, தொழிலாகச் செய்வது வேறு.

இந்தப் பின்னணியில் பார்த்தால், இன்றைய புதுப்பிப்பாளர்களில் ஒரு சாரார் செய்வது பொறுத்துக்கொள்ளத் தக்கதல்ல. 1981-இல் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் படத்தின் நாயகன் அணிந்தது, லண்டனின் ஹெர்பர்ட் ஜான்சன் கடையின் போயட் என்ற மாதிரியிலிருந்து உருவான தொப்பி. அது அந்தப் படத்துக்கு அழகு சேர்த்தது என்பதில் ஐயமில்லை. அதற்காக நாற்பதுகளின் நல்ல தொப்பிகளை எடுத்து, ஆலையின் வடிவத்தை வெந்நீரில் கரைத்து, புதிய அச்சுக்கட்டையில் இழுத்துக் கட்டி, அந்த நாயகனின் சாயலுக்குத் திருப்புவது புதுப்பித்தல் அல்ல. அறுபதுகளின் குறுகிய மடல் நாகரிகத்துக்காகக் கத்தரிக்கு இரையான தொப்பிகள் ஏற்கெனவே ஏராளம். ஓரம் வெட்டப்பட்ட கவனாவைக் கவனா என்று அழைப்பதற்கு அதன் உள்ளே உள்ள முத்திரையைத் தவிர வேறு காரணம் எஞ்சுவதில்லை.

ஆகவே வீட்டுத் துப்புரவின் வெற்றியைப் பளபளப்பால் அளப்பதை விட்டுவிட்டு, ஆலையில் நடந்த வேலையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதால் அளப்பதே நேர்மையானது. தூசியும் கொழுப்பும் உப்பும் அந்துவும் ஃபெல்ட்டைத் தொடர்ந்து தின்பவை என்பதால் அவற்றை அகற்றியே தீர வேண்டும். நிறமங்கலும் விரல்தடமும் லேசான சாய்வும் ஃபெல்ட்டுக்குத் தீங்கு செய்யாதவை என்பதால் அவற்றைத் தாங்கிக்கொள்ளலாம். கறை நீங்கி ஓரம் தேய்ந்த தொப்பி, கறையோடு ஓரம் முழுமையாக இருக்கும் தொப்பியைவிடக் கூடுதல் விலைக்கு ஏலத்தில் போவது இன்றைய வழக்கமாக இருக்கலாம். வாங்குபவர்களின் கண் அந்த அளவுக்குத் தாழ்ந்துவிட்டது என்பதற்கு அது சான்றாகுமே தவிர, அந்தத் துப்புரவு சரியானது என்பதற்குச் சான்றாகாது.